அங்காராவில் அகஸ்டஸ் கோயில்: முதன்முறை போகிறவர்களுக்கு

ரோமப் பேரரசர்களைத் தெய்வமாக வைத்துக் கும்பிட்ட கோயில்களின் இடிபாடுகள் மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பல ஊர்களில் கிடக்கின்றன. அப்படி ஒன்றை முதன்முதலாகப் பார்க்க எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால், துருக்கியின் தலைநகர் அங்காராவைத்தான் சொல்வேன். கண்ணுக்கு அழகானவை வேறு ஊர்களில் உண்டு. பிரான்ஸில் நீம் நகரத்துக் கோயில் தூணும் கூரையுமாக நிற்கிறது. குரோஷியாவின் பூலாவில் இருப்பதும் அப்படித்தான். அங்காராவில் தூண் ஒன்றுகூட மிச்சமில்லை. உயரமான சில பளிங்குச் சுவர்களும் ஒரு வாசல் நிலையும்தான் மிஞ்சியிருக்கின்றன.

ஆனால் அந்தச் சுவர்களில் எழுத்து இருக்கிறது. முதல் ரோமப் பேரரசரான அகஸ்டஸ் தன் வாழ்நாளில் என்னென்ன செய்தார், யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று தானே எழுதி வைத்த அறிக்கை, லத்தீனிலும் கிரேக்கத்திலும் வெட்டப்பட்டிருக்கிறது. மூலப் பிரதி ரோமில் அவர் சமாதிக்கு முன்னால் வெண்கலத்தில் இருந்தது. அது காணாமல் போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. இவ்வளவு முழுமையாக அந்த வாசகம் அங்காராவில் மட்டுமே தப்பியிருக்கிறது. வரலாற்றாசிரியர் மொம்சன் இதைக் கல்வெட்டுகளின் அரசி என்றார். எனவே இந்த இடத்துக்குப் படித்துவிட்டுப் போக வேண்டும். படிக்காமல் போனால் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்து, ‘இவ்வளவுதானா’ என்று திரும்பிவிடுவீர்கள்.

வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை

அறிக்கையின் பெயர் ‘ரெஸ் கெஸ்தாய்’. 35 சிறு பத்திகள். ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். அதை அச்செடுத்தோ கைபேசியில் இறக்கியோ கையோடு கொண்டுபோங்கள். இந்தப் பயணத்துக்கு அதைவிட முக்கியமான சாமான் வேறில்லை.

படிக்கும்போது சில பத்திகளுக்குக் குறி போட்டு வையுங்கள். முதல் பத்தியில், பத்தொன்பது வயதில் சொந்தச் செலவில் படை திரட்டினேன் என்று தொடங்குகிறார். 20ஆம் பத்தியில் ரோம் நகரில் ஒரே ஆண்டில் 82 கோயில்களைப் புதுப்பித்த கணக்கு வருகிறது. 22இல், தாம் நடத்திய கிளாடியேட்டர் சண்டைகளில் ஏறத்தாழ 10,000 பேர் மோதினார்கள் என்றும், வேட்டைக் காட்சிகளில் சுமார் 3,500 விலங்குகள் கொல்லப்பட்டன என்றும் சொல்கிறார். 24ஆம் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ரோமில் தமக்கு வைத்த ஏறக்குறைய 80 வெள்ளிச் சிலைகளைத் தாமே அகற்றி, அந்தப் பணத்தில் அப்பல்லோ கோயிலுக்குப் பொன் காணிக்கை செய்ததாக அதில் எழுதியிருக்கிறார். தலைநகரில் தம்மைத் தெய்வமாக்கிவிடக் கூடாது என்று இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவருக்குத்தான் அங்காராவில் கோயில் எழுந்தது. அந்தக் கோயிலின் சுவரில்தான் இதே வரியும் வெட்டப்பட்டிருக்கிறது.

இது எப்படி நடந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் அவருடைய போட்டியாளர் ஆண்டனியும் எகிப்து அரசி கிளியோபாட்ராவும் அவரிடம் தோற்றார்கள். கிழக்கு மாகாணங்கள் முழுக்க வென்றவர் கைக்கு வந்தன. தங்கள் அரசர்களுக்குக் கோயில் கட்டிப் பழகிய கிரேக்க நகரங்கள் புதிய ஆட்சியாளருக்கும் கட்ட அனுமதி கேட்டன. கி.மு. 29இல் இன்றைய துருக்கியில் உள்ள பெர்கமோனுக்கும் நிகோமீடியாவுக்கும் அனுமதி கிடைத்தது. தமக்கு மட்டும் தனியாகக் கோயில் கூடாது, ரோமா என்ற நகர தெய்வத்தோடு சேர்த்தே வழிபட வேண்டும் என்பது ஏற்பாடு. கி.மு. 25இல் கலாத்திய அரசர் அமிண்டாஸ் இறந்ததும் அந்த நாடு ரோம மாகாணமானது. அன்கிரா என்ற இன்றைய அங்காரா அதன் தலைநகரானது. அங்கே எழுந்ததுதான் ரோமா–அகஸ்டஸ் கோயில். கி.பி. 14இல் அகஸ்டஸ் இறந்த பிறகு அவருடைய அறிக்கை அதன் சுவரில் ஏறியது.

தமிழ் வாசகர்கள் தவறவிடக் கூடாத பத்தி 31ஆவது. இந்திய அரசர்களிடமிருந்து தம்மிடம் பல தடவை தூதுக்குழுக்கள் வந்தன, அதற்கு முன் எந்த ரோமத் தளபதியும் இப்படிப்பட்ட தூதுகளைக் கண்டதில்லை என்று அகஸ்டஸ் பெருமையோடு சொல்கிறார். எந்த அரசர் என்று பெயர் சொல்லவில்லை. ஆனால் அதே காலத்தில் எழுதிய புவியியலாளர் ஸ்டிராபோ, அகஸ்டஸுக்குப் பரிசும் தூதும் அனுப்பிய ஓர் இந்திய அரசனைப் ‘பாண்டியோன்’ என்றும், வேறு சிலர் கருத்துப்படி ‘போரஸ்’ என்றும் குறிப்பிடுகிறார். பாண்டியன்தான் என்று அடித்துச் சொல்ல அது போதாது. இன்னொரு தடயமும் உண்டு. வியன்னாவில் இருக்கும் பியூட்டிங்கர் வரைபடம், பழைய ரோம வரைபடம் ஒன்றின் இடைக்காலப் பிரதி. அதில் முசிறிக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டடம் வரைந்து ‘அகஸ்டஸ் கோயில்’ என்று எழுதியிருக்கிறது. சேர நாட்டுத் துறைமுகத்தில் தங்கிய யவன வணிகர்கள் எழுப்பியிருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். மண்ணில் அதன் தடம் இதுவரை கிடைக்கவில்லை. சென்னையில் இருப்பவர்கள் கிளம்புவதற்கு முன் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த ரோம நாணயங்கள் அங்கே இருக்கின்றன. சுவரில் பேசப்போகிறவரின் காலம் நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பது அவற்றைப் பார்த்தால் விளங்கும்.

போய்ச் சேருவது

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களிடம் செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் விசா இருந்தால் துருக்கி இ-விசாவை இணையத்திலேயே எடுக்கலாம். இல்லாதவர்கள் ஸ்டிக்கர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால் துருக்கி அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் பாருங்கள். அரசுத் தளம் போலத் தோற்றம் காட்டிக் கூடுதல் கட்டணம் கறக்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன.

இஸ்தான்புல்லுக்கு வந்து இறங்குகிறவர்கள் அங்கிருந்து அதிவேக ரயிலில் வரலாம். நாலு, நாலரை மணி நேரம் ஆகும். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு அவசியம். விமானத்தில் நேராக வருகிறவர்கள் எசென்போவா நிலையத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து 442ஆம் எண் மாநகரப் பேருந்து ஊருக்குள் வருகிறது, உலுஸில் நிற்கும். உங்களுக்கு வேண்டிய இடமும் உலுஸ்தான். நகருக்குள்ளிருந்து வந்தால் மெட்ரோவில் உலுஸ் நிலையத்தில் இறங்குங்கள்.

உலுஸிலிருந்து நடந்துதான் போக வேண்டும், நடக்கவும் வேண்டும். சதுக்கத்தில் குதிரை மேல் அமர்ந்த அத்தாதுர்க் சிலையைத் தாண்டி உள்ளே நுழைந்தால் அரசு அலுவலகங்கள் சூழ்ந்த ஒரு சிறு திடலில் ஒற்றைத் தூண் நிற்கும். ஜூலியன் தூண் என்பார்கள். கி.பி. 362இல் பேரரசர் ஜூலியன் இந்த ஊர் வழியாகப் போனதன் நினைவாக வைத்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. பருவத்தில் உச்சியில் நாரை கூடு கட்டியிருக்கும். தூணைப் பார்த்துவிட்டு மேட்டுப் பக்கம் ஏறினால் ஹாஜி பைராம் மசூதியின் மினாரா தென்படும். வழி கேட்கும்போது ‘அகஸ்டஸ் கோயில்’ என்று கேட்காதீர்கள், ‘ஹாஜி பைராம்’ என்று கேளுங்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அதுதான்.

எந்த மாதம், எந்த நேரம்

அங்காரா கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பீடபூமி நகரம். குளிர்காலத்தில் பனி கொட்டும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் வறுக்கும். ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபரும் நல்ல மாதங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள். ஜும்ஆத் தொழுகைக்குத் திடல் நிறைந்துவிடும்.

நேரம் விஷயத்தில் கொஞ்சம் நுணுக்கமாக யோசிக்க வேண்டும். கிரேக்க வாசகம் இருக்கும் நீளச் சுவர் தென்கிழக்கு பார்த்தது. நடுக்காலையில் வெயில் அதன் மேல் நேராக அடிக்கும். சுவர் பளிச்சென்று தெரியும், எழுத்து தெரியாது. கல்லில் வெட்டிய எழுத்து நிழலால்தான் கண்ணுக்குப் படுகிறது. சூரியன் உச்சிக்கு ஏறி, சுவரை உரசிக்கொண்டு சாயத் தொடங்கும் நண்பகலை ஒட்டிய நேரத்தில் ஒவ்வொரு கீறலிலும் நிழல் விழும். அப்போது வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வரும். பதினொன்றரை மணிக்கு வந்து, இரண்டு மணி வரை அங்கேயே சுற்றிச் சுற்றி இருங்கள். நம் ஊரில் கோயில் சுவர்களில் கல்வெட்டுப் படித்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

கூடவே ஒரு இருகண் தொலைநோக்கியைக் கொண்டுபோங்கள். இது ஆடம்பரமில்லை. கோயிலைச் சுற்றி வேலி உண்டு. பொதுவாக உள்ளே இறங்கி நடக்க விடமாட்டார்கள், வெளியே சுற்றி வந்து பார்ப்பதுதான் வழக்கம். சாயாமல் இருக்கச் சுவர்களுக்கு இரும்புச் சட்டங்கள் கொடுத்திருக்கிறார்கள். கைபேசிக் கேமராவை மட்டும் நம்பிப் போனால் பெரும்பாலும் இரும்புதான் படத்தில் விழும்.

சுற்றி வரும் முறை

முதலில் சற்று விலகி நின்று மொத்த உருவத்தை மனதில் கட்டிக்கொள்ளுங்கள். இன்று நீங்கள் பார்க்கும் சுவர்கள் கோயிலின் உட்பகுதி மட்டும்: கருவறை, அதற்கு முன்னால் முன்மண்டபம். இதைச் சுற்றி நாலு பக்கமும் முன்வரிசையில் 8, பக்கவாட்டில் 15 என்ற கணக்கில் தூண்கள் நின்றன. அடித்தளம் ஏறத்தாழ 36 மீட்டர் அகலம், 55 மீட்டர் நீளம். அந்தத் தூண்களைக் கற்பனையில் நட்டுவிட்டால்தான், சுவருக்கும் தூணுக்கும் இடையே இருந்த அகலமான நிழல் நடையில் நின்று அன்றைய மக்கள் இந்த எழுத்தைப் பார்த்தார்கள் என்பது புரியும்.

அடுத்து தென்கிழக்குச் சுவர். ஜன்னல்கள் வெட்டப்பட்ட நீளச் சுவரைத் தேடுங்கள், அதுதான். ஜன்னல்கள் கோயிலுக்கு உரியவை இல்லை. பைசாந்தியர் காலத்தில் இதைத் தேவாலயமாக மாற்றியபோது வெளிச்சத்துக்காகத் திறந்தவை. சுவரின் கீழ்ப்பகுதியில் கிரேக்க வாசகம் 19 நெடுவரிசைகளாக, முகப்புப் பக்கத்திலிருந்து பின்பக்கம் நோக்கி ஓடுகிறது. கிரேக்கம் தெரியாதவரும் நெடுவரிசைகளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் போகலாம். லத்தீன் வாசகம் அதிகாரத்தின் மொழியில் இருந்தது. ஊர்க்காரர்கள் படித்தது இந்தக் கிரேக்கத்தைத்தான். 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சுவரை ஒட்டி வீடுகள் கட்டியிருந்தார்கள். அவற்றின் மண்சுவரைப் பெயர்த்துத்தான் பகுதி பகுதியாகப் படியெடுத்தார்கள். 1882இல் ஜெர்மானியத் தொல்லியலாளர் கார்ல் ஹூமான் முழு வாசகத்துக்கும் சாந்தில் அச்செடுத்தார். அதற்குப் பிறகு மழையும் நகரப் புகையும் பளிங்கை அரித்திருக்கின்றன. இன்று சுவரில் படிக்க முடியாத சில எழுத்துகளை அந்த அச்சில் படிக்கலாம். வேலிக்குள் கை எட்டுகிற இடம் இருந்தாலும் கல்லைத் தொடாதீர்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. இந்தப் பளிங்கு உண்மையிலேயே உதிர்கிறது.

பிறகு முகப்புக்கு வாருங்கள். முன்மண்டபத்தின் இரு பக்கச் சுவர்களின் உள்முகத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி, லத்தீன் வாசகம் பக்கத்துக்கு மூன்றாக ஆறு நெடுவரிசைகளில் இருக்கிறது. வாசலை நோக்கி நின்றால் உங்கள் இடப்பக்கச் சுவரில் தொடக்கம், வலப்பக்கத்தில் முடிவு. தொலைநோக்கியை இடப்பக்கச் சுவரின் மேற்பகுதியில் வையுங்கள். மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில் ஓடும் வரிகள் தலைப்பு. இது தெய்வமான அகஸ்டஸின் செயல்கள் என்று அது அறிவிக்கிறது. லத்தீன் எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்துகளேதான் என்பதால் நமக்கும் பிடிபடும். ‘யூ’ வர வேண்டிய இடத்திலெல்லாம் ‘வி’ இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ‘ரோமானி’, ‘சீசர்’, ‘அகஸ்டி’ போன்ற சொற்களை நீங்களே கண்டுபிடிக்கலாம். முதல் சொல் கண்ணில் சிக்கும்போது வரும் உற்சாகத்தில் அடுத்த அரை மணி நேரம் போவதே தெரியாது.

அச்செடுத்து வந்த தாளைப் பிரித்துப் பத்தி பத்தியாக ஒப்பிட இதுவே இடம். இந்த வாசகத்தில் இல்லாதவற்றையும் தேடுங்கள். உள்நாட்டுப் போரில் தாம் தோற்கடித்த யாருடைய பெயரையும் அகஸ்டஸ் எழுதவில்லை. அவரைத் தத்தெடுத்த ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸும் காசியஸும் இதில் ‘என் தந்தையைக் கொன்றவர்கள்’ மட்டும்தான். ஆண்டனியின் பெயர் எங்குமே இல்லை. ஆளும் ஒருவர் தன் கதையை எப்படிச் செதுக்குகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் நான் பார்த்ததில்லை.

நடுவில் நிற்கும் வாசல் நிலையைப் பார்க்காமல் நகராதீர்கள். மேலே போகப் போகச் சற்றே குறுகும் நிலை. மேற்கல்லைத் தாங்குவது போல இரு பக்கமும் சுருள் வேலைப்பாடு. சுவர்களில் கட்டடத்தின் அளவுதான் தெரியும். கட்டியவர்களின் கைத்திறன் தெரிவது இங்கேதான்.

முகப்பின் இடப்பக்கச் சுவர் முனையில் இன்னொரு கல்வெட்டு இருக்கிறது. பெரும்பாலான வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கோயிலில் மிகவும் பிடித்தது அதுதான். அகஸ்டஸுக்கும் ரோமாவுக்கும் பூசை செய்த கலாத்தியப் பூசாரிகளின் பெயர்களும், பதவிக்காலத்தில் ஒவ்வொருவரும் ஊருக்குச் செய்த கொடையும் கிரேக்கத்தில் வரிசையாக வருகின்றன. ஒருவர் ஊர் விருந்து போட்டார். ஒருவர் நான்கு மாதத்துக்கு எண்ணெய் கொடுத்து, முப்பது ஜோடி கிளாடியேட்டர்களை இறக்கினார். அமிண்டாஸ் அரசரின் மகன் பிலைமெனஸ், வழிபாட்டிடத்துக்கும் திருவிழாவுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் இடம் கொடுத்தார். தகப்பன் ஆண்ட நாட்டில், அதை மாகாணமாக்கிக்கொண்டவரின் கோயிலுக்கு மகன் நிலம் எழுதி வைக்கிறார். பெயர்களையும் கவனியுங்கள்: அல்பியோரிக்ஸ், அதேபோரிக்ஸ். இவை கிரேக்கமும் இல்லை, லத்தீனும் இல்லை, கெல்டியப் பெயர்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து கடல் தாண்டி வந்து அனத்தோலியாவில், அதாவது துருக்கியின் ஆசியப் பகுதியில், தங்கிவிட்ட கெல்டுகளின் வழிவந்தவர்கள் இவர்கள். பேரரசர் வழிபாடு ரோமிலிருந்து உத்தரவு போட்டு மட்டும் நடந்ததில்லை; உள்ளூர்ப் பெரிய குடும்பங்கள் புதிய ஆட்சியில் தங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ள முன்வந்து செலவழித்தன. அதை இந்தப் பட்டியல் பெயர் பெயராகக் காட்டுகிறது.

மசூதிக்குள் போகும்போது

ஹாஜி பைராம் மசூதியின் சுவர் கோயிலைத் தொட்டுக்கொண்டே நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. சூஃபி ஞானி ஹாஜி பைராம் வெலியின் அடக்கத்தலம் பக்கத்தில் இருக்கிறது. கோயில், தேவாலயம், மசூதி என்று ஒரே மேட்டில் வழிபாடு தொடர்ந்து வந்திருக்கிறது. இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் துவா கேட்க வருகிறவர்கள். தொழுகை நேரம் தவிர்த்து உள்ளே போகலாம். காலணியைக் கழற்றி வைக்க வேண்டும், பெண்கள் தலையை மூட ஒரு துப்பட்டா கொண்டுபோக வேண்டும், அரைக்கால் சட்டை கூடாது. வேண்டிக்கொண்டிருப்பவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

1555இல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் தூதராகத் துருக்கிய சுல்தான் சுலைமானைப் பார்க்க இந்த வழியே போன புஸ்பெக்கின் குழுதான் இந்த வாசகத்தை ஐரோப்பாவுக்கு முதலில் அறிவித்தது. அதுவரை இதைக் காப்பாற்றி வைத்திருந்தது இந்த மேட்டின் வழிபாட்டுத் தொடர்ச்சிதான் என்பது என் கருத்து. பயன்பாட்டில் இருந்ததால்தான் எல்லாச் சுவர்களையும் கல்லுக்காகப் பெயர்த்துக்கொண்டு போகவில்லை.

பசித்தால்

உலுஸில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்பு சூப்பான ‘மெர்ஜிமெக் சோர்பா’வைக் கேட்கலாம், சில கடைகளில் இறைச்சிச் சாற்றில் வைப்பார்கள், ‘எத்ஸிஸ்’, அதாவது இறைச்சி இல்லாதது, என்று சொல்லி விசாரித்துக்கொள்ளுங்கள். சீஸோ கீரையோ உருளைக்கிழங்கோ வைத்துச் சுட்ட ‘கோஸ்லெமெ’ வயிற்றை நிரப்பும். அசைவக்காரர்கள் ஆட்டிறைச்சியில் செய்யும் ‘அங்காரா தவா’ சாப்பிட்டுப் பாருங்கள்.

மிச்ச நாளுக்கு

கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில், சங்கிரி சாலையில் ரோமக் குளியல்கூடத்தின் இடிபாடு இருக்கிறது. 3ஆம் நூற்றாண்டில் பேரரசர் கராகல்லா காலத்தது. தரைக்கு அடியில் வரிசை வரிசையாக நிற்கும் குட்டைச் செங்கல் தூண்களுக்கு நடுவே சூடான காற்றை ஓடவிட்டுத்தான் மேல்தளத்தைச் சூடாக்கினார்கள். தளம் போய்விட்டதால் அந்த ஏற்பாடு முழுக்க வெளியே தெரிகிறது. திறந்தவெளியில் கல்லறைக் கற்களும் கல்வெட்டுகளும் வைத்திருக்கிறார்கள். கோயிலில் வேலிக்கு அப்பால் பார்த்த எழுத்தை இங்கே பக்கத்தில் குனிந்து பார்க்கலாம்.

நேரம் இருந்தால் கோட்டைச் சரிவில் உள்ள அனத்தோலிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பண்டைய அனத்தோலியாவை ஆண்ட ஹிட்டைட் மக்களின் சிற்பங்களுக்குப் பெயர்போன இடம். கோட்டை மதிலையும் கவனியுங்கள். பழைய ரோமக் கட்டடங்களின் பளிங்குத் துண்டுகளை அதில் அப்படியே வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கோயில் மனதில் ஒட்டிக்கொண்டால் அடுத்து இரண்டு இடங்கள். இஸ்பார்தா மாகாணத்தில் யால்வாச் ஊருக்கு அருகில் பிசிதியா அந்தியோகியா இருக்கிறது. பாறையைப் பிறைவடிவில் வெட்டி அதன் நடுவே எழுப்பிய பேரரசர் வழிபாட்டுக் கோயிலின் அடித்தளம் அங்கே உண்டு. இதே அறிக்கையின் லத்தீன் பிரதியும் அந்த ஊரில் துண்டு துண்டாகக் கிடைத்திருக்கிறது. மற்றொன்று பாமுக்கலேக்குப் போகிறவர்கள் சேர்த்துப் பார்க்கக்கூடிய அஃப்ரோதிசியாஸ். அங்குள்ள செபாஸ்தியோன் என்ற பேரரசர் வழிபாட்டு வளாகத்தில் பேரரசர் கிளாடியஸ் பிரிட்டானியாவை அடக்குவதும், பேரரசர் நீரோ ஆர்மீனியாவை வெல்வதும் ஆளுயரச் சிற்பங்களாக இருந்தன. அசல் சிற்பங்கள் இப்போது தள அருங்காட்சியகத்தில் தனி மண்டபத்தில் இருக்கின்றன. அங்காராவில் எழுத்தாகப் படித்ததை அங்கே உருவமாகப் பார்க்கலாம். எனவே இந்த வரிசையிலேயே போவது நல்லது.